சோகப் பாட்டு எழுதினால் புத்தி பேதலித்துவிடுமா?

ஆம்பூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் லைனில் வேலை. அப்பா தோல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரே அண்ணன். போன ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்து, தையில் கல்யாணம் என்று பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் அட்வான்ஸ் கொடுத்து, சொந்தபந்தம் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தும் முடித்தாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம்தான் பைக் போதாது, கார் வேண்டும் என்று பேச்சு வந்ததாம். ஐந்து மாதம் தினமும் ராத்திரி போனில் பேசிய பையன் அன்றைக்கே இவருடைய நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் கடிதத்தின் முக்கால் பங்கு. கம்பெனி பஸ்ஸில் ஏறினால் காதில் ஹெட்போன், அதே நாலைந்து சோகப் பாட்டு, வீட்டுக்கு வந்தும் அதே, படுக்கையில் 2 மணி வரைக்கும் அதே. கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் இவரே எழுத ஆரம்பித்திருக்கிறார், 80 பக்க நோட்டு ஒன்று நிரம்பும் அளவுக்கு. அதை அண்ணன் எடுத்துப் படித்திருக்கிறார். அதில் ஒரு இடத்தில் 'பாலாறு பெருகி வந்தா என்னையும் சேத்துக் கூட்டிப் போகட்டும்' என்று இருந்திருக்கிறது. பதறிப்போன அண்ணன் நோட்டை அடுப்பில் போட்டுவிட்டு போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா ஓரிடத்துக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கையில் கயிறு கட்டிவிட்டார். சோகப் பாட்டைக் கேட்டுக் கேட்டே பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அத்தை தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேட்டிருப்பவை இவை. சோகப் பாட்டு மனசைக் கெடுக்குமா? இப்படி எழுதுவது நோயா? நாலு மாதமாகியும் அழுகிறேனே, நான் இவ்வளவு பலவீனமானவளா? கானா பாடும் சித்தப்பா பையன், தன் சேனலில் இந்தப் பாட்டுகளில் ஒன்றை மாப்பிள்ளையின் பெயரோடு பாடிப் போடலாம் என்கிறான், சரி என்று சொல்லட்டுமா? கடைசியாக, பேனா மாற்றி எழுதிய ஒரு வரி: "நான் எழுதறது பாட்டுதானா, இல்ல சும்மா புலம்பலா?"

நோட்டு போய்விட்டது என்றாலும் ஞாபகத்தில் இருந்த ஐந்து பாட்டுகளைக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். இனி அவரிடமே பேசுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி

அம்மா, அந்தப் பாலாறு வரியை எழுதின ராத்திரி உங்களுக்குச் செத்துப்போக வேண்டும் என்று தோன்றியதா? இப்போதும் தோன்றுகிறதா? சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் நோட்டை எரித்திருக்கிறார்கள், கயிறு கட்டியிருக்கிறார்கள், போனைப் பிடுங்கியிருக்கிறார்கள், ஆனால் இந்த ஒரு கேள்வியை யாரும் உங்களிடம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று நம் ஊரில் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஏற்கெனவே இருந்தால், ஒருத்தராவது கேட்டாரே என்று ஆளுக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

பாட்டு எழுதுபவர்கள் சாவைப் பற்றி எழுதாத மொழி கிடையாது, அதனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்து நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு, வருஷம் பூராவும் மணலாகவே கிடந்த ஆறு அப்படி வந்ததும் மனசுக்குள் ஏதோ ஆகியிருக்கும், அது பாட்டில் வருவதில் அதிசயமில்லை. ஆனால் சும்மா எழுதினதா, நிஜமாகவே நினைத்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நிஜமாக நினைத்திருந்தால், எப்படி, எப்போது என்ற அளவுக்கு யோசனை போயிருந்தால், இந்தப் பதிலின் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இப்போதே வீட்டில் ஒருத்தரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-ம் இருக்கிறது. போன் அண்ணனிடம் இருக்கிறது என்றால் அவரிடமே கேட்டு வாங்கிப் பேசுங்கள், அதற்குக் கூடவா தர மாட்டேன் என்பார்.

பாட்டு உங்களைக் கெடுக்கவில்லை, ஆனால்...

அத்தை சொல்வதில் பாதி தப்பு, பாதியில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. சோகமாக இருக்கும்போது சோகப் பாட்டைத் தேடுவது மனித சுபாவம். நம்மைப் போலவே ஒருத்தர் இருந்திருக்கிறார், அவருக்கு இதைச் சொல்ல வார்த்தையும் கிடைத்திருக்கிறது என்பதே ஒரு துணை. அழுகை வந்து, அடங்கி, தூக்கம் வரும். இது வரைக்கும் பாட்டு நல்லதைத்தான் செய்கிறது. கல்யாணம் நின்றதால் வந்த துக்கத்துக்குப் பாட்டைக் குற்றம் சொல்வது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைத் திட்டுகிற கதை.

எங்கே சிக்கல் என்றால், பாட்டு முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில். கேட்டு முடித்ததும் மனசு லேசானால் சரி. கேட்டு முடித்ததும் 'ஏன் எனக்கு மட்டும் இப்படி' என்ற யோசனை இன்னும் வேகமாகச் சுற்ற ஆரம்பித்தால், அந்தச் சுற்றுதான் ஆபத்து. ஒரே நினைப்பில் சுழன்றுகொண்டே இருப்பவர்களுக்குத் துக்கம் ஆழமாவதையும் மன அழுத்தம் நீள்வதையும் உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அப்படிச் சுற்றும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சோகப் பாட்டு அந்தச் சக்கரத்தைத் தள்ளிவிடவும் செய்யும். உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "மூணாவது தடவை கேட்கும்போது பாட்டே காதில் விழறதில்லை, அவர் கடைசியா பேசினதுதான் ஓடுது" என்று. ஆக, முதல் தடவை வரைக்கும் பாட்டு வேலை செய்கிறது. மூன்றாவது தடவையில் பாட்டு இல்லை, பழைய போன் பேச்சுதான் இருக்கிறது.

போன் வேறு இதற்குத் தோதாக அமைந்துவிட்டது. ஒரு சோகப் பாட்டு முடிந்தால் அதுவாகவே இன்னொன்றைத் தருகிறது, அது முடிந்தால் இன்னொன்று. போதும் என்று சொல்ல அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லாது, நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தால்தானே அதற்கு வியாபாரம்.

உங்கள் துக்கத்துக்குக் காரியம் நடக்கவில்லை

நாலு மாதமாகியும் அழுகிறேனே என்று உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஊரே வந்திருக்கும். பறை அடித்திருப்பார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்திருப்பார்கள், ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் எடுத்திருப்பார், தொண்டை கட்டிப்போனால் யாராவது ஒரு பெரியம்மா, 'போதும் எழுந்திரு, ரெண்டு வாய் கஞ்சி குடி' என்று கையைப் பிடித்துத் தூக்கியிருப்பார். நம் வட ஆற்காட்டுக் கிராமங்களில் கருமாதி ராத்திரி கூத்து வைத்து கர்ண மோட்சம் ஆடவிடுகிற வழக்கம் இருக்கிறது. செத்தவர் யாரோ, ஆடுவது கர்ணன் கதை, ஆனால் குந்தி மகனை மடியில் போட்டு அழும்போது விடியற்காலையில் உட்கார்ந்திருக்கிற மொத்தச் சனமும் அவரவர் துக்கத்தை அழுதுவிட்டுப் போகும்.

இப்போது வைகாசி, உங்கள் பக்கத்திலும் ஏதாவது ஒரு ஊரில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடந்திருக்கும். படுகளம் அன்றைக்குப் பார்த்திருப்பீர்கள். மண்ணால் செய்த அவ்வளவு பெரிய துரியோதனன் தரையில் கிடக்க, பட்டப்பகலில், ஊர் நடுவில், வெயிலில் ஒப்பாரி நடக்கும். கெட்டவன் என்று ஊருக்கே தெரிந்தவனுக்குத்தான் அந்த அழுகை. ஆனால் அன்று சாயங்காலமே தீமிதி, அப்புறம் தர்மர் பட்டாபிஷேகம், கொடி இறக்கியதும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அழுகைக்கு ஒரு இடம், ஒரு நேரம், கூட அழ ஆள், முடிக்க ஒரு வேளை எல்லாம் வைத்திருந்தார்கள்.

உங்களுக்கு என்ன வைத்தார்கள்? 'வெளியே சொல்லாதே, அடுத்த வரன் வரும்போது கேட்பார்கள்' என்று வாயை மூடினார்கள். ஐந்து மாதம் தினமும் பேசிய ஒரு ஆளும், அவரோடு சேர்த்து நீங்கள் மனசில் கட்டிவைத்த வீடு, குழந்தை, தீபாவளி எல்லாமும் ஒரே நாளில் போயிருக்கின்றன. அதுவும் ஆள் உயிரோடு, பக்கத்து ஊரில், நன்றாகவே இருக்கிறார். இந்த மாதிரி இழப்புக்கு நம்மிடம் எட்டாம் நாளும் கிடையாது, பதினாறாம் நாளும் கிடையாது. அதனால் துக்கம் ராத்திரி 2 மணிக்கு ஹெட்போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இதில் பலவீனம் எங்கே இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ஐந்து பாட்டுகளைப் படித்தேன்

எழுதுவது நோயா என்று கேட்டீர்கள். இல்லை. நோயாக இருந்தால் கூட, எழுத்து அதற்குப் பாதி மருந்து. ஆனால் எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் எனக்குச் சொல்ல இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஐந்தில் நாலு பாட்டுகள் ஒரே மாதிரி இருக்கின்றன. 'விதியே', 'நெஞ்சே', 'ஏமாந்தேனே' என்று ஆரம்பித்து நாலு வரியில் நின்றுவிடுகின்றன. நாலும் பல்லவிகள். சரணத்துக்கு நீங்கள் போகவே இல்லை. பல்லவியின் குணம் என்ன? திரும்பத் திரும்ப வருவது. உங்கள் மனசும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. 'ஏன் எனக்கு மட்டும்' என்ற கேள்விக்குப் பதில் கிடையாது, அதனால் எத்தனை தடவை கேட்டாலும் ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும். 'என்ன நடந்தது, அப்புறம் என்ன நடந்தது' என்ற கேள்விக்குப் பதில் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு போனால் எங்காவது போய்ச் சேரலாம். ஐந்தாவது பாட்டில் நீங்கள் அதைத்தான், உங்களுக்கே தெரியாமல், செய்திருக்கிறீர்கள்:

மண்டபத்து அட்வான்சு பாதி வந்து சேந்துச்சு
மனசு கொடுத்த அட்வான்சு எந்தக் கணக்குல போச்சு
பரண்மேல பத்திரிகைக் கட்டு மஞ்சள் காயலையே
மோதிரத்தில் இருந்த பேரைச் சேட்டு கேக்கலையே

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அடுத்த வேலைக்குப் போகவில்லை. அடகுக் கடையில் நிற்கிறீர்கள், தராசு தெரிகிறது, எடையைப் பார்த்தாரே தவிர உள்ளே பொறித்திருந்த பெயரை அவர் பார்க்கவே இல்லை. மற்ற நாலு பாட்டிலும் நீங்கள் எந்த இடத்திலும் இல்லை, எந்தப் பொருளும் இல்லை, எல்லாம் கண்ணீரும் கனவும்தான். ஒப்பாரி வைக்கிற கிழவிகளைக் கவனித்திருக்கிறீர்களா? 'துக்கமே துக்கமே' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். அவர் நட்ட மாமரம், அவர் உட்கார்ந்த திண்ணை, சந்தையிலிருந்து வாங்கி வந்த மல்லிப்பூ என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் அழுவார்கள். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் வெளியே வந்துவிடும்.

இதற்கு ஆராய்ச்சியும் உண்டு. 1986-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், கல்லூரி மாணவர்களைத் தங்களுக்கு நேர்ந்த பெரிய வேதனையைப் பற்றித் தினம் 15 நிமிடம், தொடர்ந்து நாலு நாள் எழுதச் சொன்னார். எழுதி முடித்தவுடன் அவர்கள் இன்னும் சோகமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். பெரிய மாயம் எதுவும் இல்லை, எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை, பலனும் அளவானதுதான். ஆனாலும் அதில் இரண்டு விஷயம் உங்களுக்கு ஒத்துவரும். ஒன்று, நேரம் வைத்து எழுதுவது. இன்னொன்று, நடந்ததை நடந்த மாதிரி எழுதுவது.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். ராத்திரி வேண்டாம், ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போது 15 நிமிடம். பல்லவியைத் தொட வேண்டாம், அது உங்களிடம் நிறைய இருக்கிறது. சரணம் மட்டும். முதல் நாள், போன் வந்த அந்த நாளில் வீட்டில் யார் எங்கே இருந்தார்கள், அடுப்பில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். அடுத்த நாள், வேறு யாராவது ஒருத்தர் குரலில். கொடுத்த பத்திரிகைக்கு வீடு வீடாகப் போய் 'கல்யாணம் இல்லை' என்று சொல்லிவந்த உங்கள் அப்பா குரலில் ஒரு சரணம் எழுதிப் பாருங்கள், கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது, எனக்கு அந்த வரி மனசை விட்டுப் போகவில்லை. நாலு நாள் முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். எழுத எழுத மூச்சு முட்டுகிறது, ராத்திரி தூக்கம் இன்னும் கெடுகிறது என்றால் அன்றைக்கே நிறுத்திவிடலாம், பரீட்சை கிடையாது.

இன்னொன்று, கடைசிச் சரணத்தில் சூரியன் உதித்தாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. நம்பிக்கை வராத நாளில் நம்பிக்கை வரி எழுதாதீர்கள், படிக்கிறவருக்கும் தெரிந்துவிடும், எழுதுகிற உங்களுக்கும் தெரிந்துவிடும்.

கேட்பதற்கும் இதே போலத்தான், எல்லை கட்டிக்கொள்ளுங்கள். அடுத்த பாட்டு தானாக ஓடுவதை போனில் அணைத்துவிடலாம். இசையை வைத்துச் சிகிச்சை செய்பவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: மனசு இருக்கிற நிலைக்கு ஒத்த பாட்டில் ஆரம்பித்து, அடுத்தது கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது, அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் என்று படிப்படியாக நகர்த்துவது. அழுகையில் இருப்பவரிடம் எடுத்த எடுப்பில் குத்துப்பாட்டு போட்டால் எரிச்சல்தான் வரும், அதனால் உங்கள் சோகப் பாட்டு முதலில் இருக்கட்டும், ஒரே ஒரு தடவை. அப்புறம் இரண்டு, மூன்று பாட்டு வரிசையாக, கடைசியில் காலாவது தாளம் போடுகிற ஒன்று. கம்பெனி பஸ் வீட்டுக்கு வந்து சேருகிற நேரத்துக்கு இது சரியாக இருக்கும். படுக்கையில் ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அண்ணன், அம்மா, கயிறு

நோட்டை எரித்தது தப்பு. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் பயந்துபோய்ச் செய்தார் என்பதும் உண்மை. தங்கச்சி எழுதின அந்த வரியைப் பார்த்து அவருக்கு எப்படி இருந்திருக்கும், ஆனால் பயத்தை எப்படிச் சொல்வது என்று நம் வீட்டு ஆண்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், கோபமாகத்தான் வரும். அவர் சாந்தமாக இருக்கும் ஒரு நாள், "அண்ணா, அந்த வரியைப் பார்த்து பயந்துட்டியா? என்கிட்டயே கேட்டிருக்கலாம்" என்று நீங்களே ஆரம்பித்துப் பாருங்கள். அவருக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள்: நோட்டு இருந்ததால்தான் உங்கள் நிலைமை அவருக்குத் தெரியவந்தது. எரித்துவிட்டதால் அடுத்த தடவை நீங்கள் எழுதாமல் மனசிலேயே வைத்திருப்பீர்கள், அப்போது அவருக்கு எதுவும் தெரியாது. எது பாதுகாப்பு என்று அவரே யோசிக்கட்டும். போனைத் திருப்பிக் கேளுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் அம்மா தலைமாட்டில் வைத்துவிடுகிறேன் என்ற ஒப்பந்தத்தோடு.

அம்மா கட்டின கயிறு இருக்கட்டும், அதைக் கழற்றி ஒரு சண்டை எதற்கு. நம் பக்கத்தில் கோயிலுக்கும் தர்காவுக்கும் போய் மனசு ஆறி வருபவர்கள் எத்தனையோ பேர். கயிறு கட்டியாயிற்று, இனி டாக்டர் எதற்கு என்றால் மட்டும் நான் சண்டை போடுவேன்.

கார் கேட்ட விஷயத்தைக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு முன்பு கேட்டாலும் வரதட்சணை கேட்பது 1961-ம் வருடச் சட்டப்படி குற்றம்தான், ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறைத்தண்டனைக்கு வழி இருக்கிறது. வழக்குப் போடுங்கள் என்று தூண்டிவிடவில்லை, அது உங்கள் வீட்டார் ஒரு வக்கீலிடம் பேசி முடிவு செய்ய வேண்டியது. கொடுத்த நகை, செலவு ஏதாவது திரும்ப வர வேண்டியிருந்தால் 181 பெண்கள் உதவி எண்ணிலும், மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் கேட்கலாம். நான் இதைச் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. 'என் ராசிதான் சரியில்லை, அதனால்தான் நின்றுபோனது' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கார் பேரம் படியாமல் நின்ற கல்யாணத்துக்கு உங்கள் ராசி என்ன செய்யும்?

சேனலில் போடலாமா

பெயரோடு வேண்டாம். மாப்பிள்ளையின் பெயர், ஊர், கம்பெனி எதைப் போட்டாலும் அவதூறு என்று வழக்குப் போட அவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்த மாதிரி. நடந்தது உண்மைதானே என்பீர்கள். உண்மை என்பது மட்டும் அந்த வழக்கில் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டியிருக்கும், அதுக்கு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. கீழே நூறு பேர் கருத்து எழுதுவார்கள், அதில் பத்துப் பேர் உங்களைத்தான் பேசுவார்கள், அதை நீங்கள் ராத்திரி 2 மணிக்கு உட்கார்ந்து படிப்பீர்கள். இப்போதைய நிலைமையில் அது உங்களுக்கு ஆகாது.

பெயர் இல்லாமல், ஆறு மாதம் கழித்து, உங்களுக்கே இன்னும் விருப்பம் இருந்தால் போடலாம், அந்த மோதிரப் பாட்டை யாராவது கேட்கத்தான் வேண்டும். அப்போதும் ஒன்றை முதலிலேயே பேசிவிடுங்கள். பாட்டு வரி எழுதியவருக்குத்தான் சொந்தம், எழுதிய நிமிடமே 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி அது உங்களுடையது, பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 'பாடல்: இன்னார்' என்று உங்கள் பெயரோ புனைபெயரோ வர வேண்டும். காசு வந்தால் பங்கு உண்டா என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சித்தப்பா பையன்தானே என்று விட்டுவிடாதீர்கள், சொந்தக்காரர்களிடம்தான் இதெல்லாம் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகப் போய்விடுகிறது.

புலம்பலா பாட்டா என்ற கேள்விக்கு, முதல் நாலும் புலம்பல், ஐந்தாவதுதான் பாட்டு. இரண்டாவது வரியில் மட்டும் 'கணக்குல போச்சு' கொஞ்சம் இடிக்கிறது, தாளத்தில் வாய்விட்டுப் பாடிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். எரிந்துபோனதை நினைத்துக் கலங்க வேண்டாம், கடிதத்தில் வந்த ஐந்தும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

டாக்டரிடம் எப்போது

அழுவதற்காக டாக்டரிடம் போக வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் சில விஷயங்களைப் படிக்கும்போது என் கை நின்றது. ராத்திரி மூன்று மணி நேரத் தூக்கம், ஆறு கிலோ இளைத்தது, லைனில் பீஸ் தப்பாகித் திரும்பி வந்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியது, முன்பு ஆசையாகப் பார்த்துக்கொண்ட அண்ணன் குழந்தையைத் தூக்கக்கூடப் பிடிக்காமல் போனது. இப்படி இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாகத் தினமும் இருந்தால் டாக்டர் பார்க்க வேண்டிய மன அழுத்த நோயாக இருக்கலாம், உங்களுக்கு மாதக்கணக்கில் இருக்கிறது. பாட்டும் எழுத்தும் இதற்குத் துணைக்கு வரும், தனியாக இதைத் தூக்க அவற்றால் ஆகாது. இதற்குப் பேச்சு வழியான சிகிச்சையும் உண்டு, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு, மாத்திரை என்றால் ஆயுசுக்கும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

வேலூர் வந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் தனியாக இருக்கிறது. அடுக்கம்பாறைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், ஓ.பி. சீட்டுக்கு வரிசை இருக்கும். அண்ணனைக் கூட்டிப்போனால் நல்லது, ஆனால் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் சொன்னதை ரகசியமாக வைத்திருப்பது 2017-ம் வருட மனநலச் சட்டப்படி அவர்கள் கடமை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வீட்டாரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாலாறு வரியையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது நோட்டில்தான் எரிந்தது, உங்கள் மனசில் இல்லை.

லீவு போட்டால் சம்பளம் போய்விடும் என்ற கவலை கடிதத்தில் தெரிந்தது. உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள் அல்லவா, அது கை கால் அடிபட்டால் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். வேலைக்குப் போக முடியாத நிலை என்று இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால், சந்தா நாட்கள் போதிய அளவு இருக்கும்பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்க வழி இருக்கிறது. ஆம்பூர் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் முதலில் காட்டி, அங்கிருந்தே மேல்சிகிச்சைக்கு எழுதி வாங்கிக்கொள்ளலாம். போகும்போது கார்டையும் ஆதாரையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், எத்தனை மாதமாகத் தூக்கம் இல்லை, எத்தனை கிலோ இறங்கியது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அவசரத்தில் பாதி மறந்துபோகும்.